குளிர்காலத்தில் காலியாகும் வாங்குகள்

ஊவா மலைத் தோட்டப் பாடசாலைகளும் ஆண்டின் முதல் மாதங்களும்

ஸுபஹ் தொழுகை முடிந்து ஜன்னலைத் திறந்தால் எதிர்ப்பக்கத்து மலை தெரிவதில்லை. முற்றத்துக் கொய்யா மரம்கூடத் தெரிவதில்லை. பனிமூட்டம் வாசற்படி வரை வந்து நிற்கிறது. நேற்றுத் துவைத்துப் போட்ட வெள்ளைச் சீருடை அடுப்படிக் கொடியில் இன்னும் ஈரமாகத் தொங்குகிறது. போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஐந்து வயதுப் பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, உடுப்பு மாட்டி, பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். பதுளையிலோ பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ குடியிருக்கும் எந்தத் தாய்க்கும் இந்தக் காலை நன்கு தெரியும்.

நகரத்தில் வாழும் நாம் எப்படியோ சமாளித்துக் கொள்கிறோம். வெந்நீர் வைக்கிறோம். ஈரச் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் காய வைக்கிறோம். மழை பெய்தால் முச்சக்கர வண்டி இருக்கிறது. இல்லாவிட்டால் வாப்பாவின் மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

அதே நேரத்தில், நம் வீட்டுக்கு மேலே இரண்டு மூன்று மைல் தொலைவில் உள்ள தோட்ட லயத்தில் இன்னொரு தாய் இருட்டோடு எழுந்திருக்கிறாள். ரொட்டி தட்டிச் சம்பல் அரைத்து வைக்கிறாள். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு ஏழு மணிக்குள் அவள் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பாடசாலை மணி அடிப்பதோ ஏழரைக்கு. பிள்ளை வாசலைத் தாண்டும் முன்பே தாய் மலையேறி விடுகிறாள். அந்த அரை மணி நேர இடைவெளியில்தான் ஒரு பிள்ளை அன்று பாடசாலைக்குப் போவதும் போகாமல் நின்று விடுவதும் முடிவாகின்றன.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இம்மாதம் சகோதரிகளோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

ஊவாவின் மழைக்கணக்கு

மலைநாடு என்றால் எங்கும் ஒரே காலநிலை என்று கீழ்நாட்டில் உள்ளவர்கள் நினைப்பதுண்டு. அது சரியில்லை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மேற்குச் சரிவுகளைத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை நனைக்கிறது. அப்போது மலையின் மறுபுறமாகிய ஊவாவில் வறண்ட காற்று வீசுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணம் ஏறுகிறது. நமது முறை அதற்குப் பின்னரே வருகிறது. ஒக்டோபரில் இடியும் மழையுமாகத் தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றோடு டிசம்பர், ஜனவரி வரை நீள்கிறது. அதன் வாலைப் பிடித்தபடி பனிக்காலம் வருகிறது.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். அதற்கும் மேலே தோட்டங்கள் இருக்கின்றன. இங்கே பனிக்கட்டி கொட்டுவதில்லை. ஆனால் மழையும் குளிரும் ஒன்றாக வருகின்றன. உலர்ந்த குளிரை ஒரு கம்பளியால் தடுத்து விடலாம். ஈரக் குளிருக்குக் கம்பளி மட்டும் போதாது. நனைந்ததை மாற்ற இன்னொரு உடுப்பும் வேண்டும்.

காஷ்மீரில் கடுங்குளிர் வந்தால் சிறு பிள்ளைகளின் பாடசாலைகளை வாரக்கணக்கில் மூடி விடுகிறார்கள். அங்கே குளிர்கால விடுமுறைதான் பெரிய விடுமுறை. இலங்கையிலோ கல்வியாண்டு தொடங்குவதே ஜனவரியில். கொவிட் தொற்றுக்குப் பின் சில ஆண்டுகள் தவணைகள் பிந்திப் போயின என்றாலும் பழைய ஒழுங்கு அதுதான். ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை தரம் ஒன்றில் சேரலாம் என்பது விதி. கொழும்பிலும் கல்முனையிலும் இருக்கும் பிள்ளைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஊவா மலையின் பிள்ளைக்கு மட்டும், வாழ்க்கையின் முதல் பாடசாலை நாளும் ஆண்டின் ஆகக் குளிர்ந்த நாட்களும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

இடாப்பு சொல்லும் கதை

தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் ஒன்று ஆசிரியை காலையில் இடாப்பைத் திறக்கிறார். பெயரைக் கூப்பிடக் கூப்பிட, பதில் வராத இடங்களில் அடையாளம் விழுகிறது. மழை விடாத வாரங்களில் அந்த அடையாளங்கள் கூடுகின்றன. முன்வரிசை வாங்குகள் காலியாகின்றன.

ஏன் வரவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இருக்காது. எல்லாம் சின்னச் சின்னக் காரணங்கள்தாம். இருப்பது ஒரே சோடி உடுப்பு, அது காயவில்லை. சப்பாத்து நனைந்து விட்டது. நனைந்த சப்பாத்தைப் போட்டால் கால் கொதித்துப் போகும். இருமல் விடவில்லை. குறுக்குப் பாதையில் நீர் ஓடுகிறது. அட்டைக் கடியும் அதிகம். தங்கைக்குக் காய்ச்சல், அம்மா வேலைக்குப் போய்விட்டதால் அக்கா வீட்டில் நின்று விட்டாள்.

கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் நின்று விடுவது பெரும்பாலும் பெண்பிள்ளைதான். தோட்டத்தில் பிள்ளை மடுவம் இருக்கிறது. ஆனால் காய்ச்சல் வந்த பிள்ளையை அங்கே விட முடியாது. அன்றைய பெயர் விழாவிட்டால் அம்மாவுக்கு அன்றைய கூலி இல்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டியதே 2021இல்தான். 2024இல் அது 1,350 ரூபாவாயிற்று. அதில் ஒரு நாளை இழப்பதா, மூத்தவளை ஒரு நாள் மறிப்பதா என்ற கேள்வி வரும்போது, எந்தத் தாயையும் நாம் குறை சொல்லி விட முடியாது.

ஆனால் ஒரு நாள் இரண்டாகிறது. இரண்டு ஒரு வாரமாகிறது. தரம் ஐந்தில் படிக்கும் பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்ளும். தரம் ஒன்றுப் பிள்ளைக்குப் பார்த்து எழுதத் தெரியாது. அது அப்போதுதான் பென்சிலைப் பிடிக்கப் பழகுகிறது. சேர்ந்து பாடிய பாட்டை, மணலில் வரைந்த எழுத்தை, பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு ஏற்பட்ட சிநேகத்தை எந்தக் கொப்பியிலிருந்தும் பிரதி செய்ய முடியாது. இரண்டு வாரம் கழித்து வரும்போது வகுப்பு எங்கோ போய்விட்டிருக்கும். தனக்கு ஒன்றும் தெரியாது என்ற வெட்கம் ஐந்து வயதிலேயே மனதில் ஏறிக்கொள்ளும். பத்து வருடம் கழித்துப் பாடசாலையை விட்டு விலகும் பல பிள்ளைகளின் கதை, ஈரமான ஒரு ஜனவரியில்தான் தொடங்கியிருக்கும்.

அரைச்சுவர்ப் பள்ளிக்கூடம்

இந்தப் பாடசாலைகள் எப்படி வந்தன என்பதையும் சுருக்கமாக அறிந்து கொள்வது நல்லது. பிரித்தானியர் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் எண்ணம் எளிதில் எழவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம்தான் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வேண்டிய பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. லயத்தின் ஒரு காம்பராவோ கொழுந்து மடுவமோ பள்ளிக்கூடமாயிற்று. ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துப் படிப்பித்தார்.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களின் பெயரை நாமெல்லாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் நிர்வாகத்தின் கையிலேயே தங்கி விட்டன. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்த பெற்றோருக்குக் கேட்பதற்குக் குரலும் இருக்கவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே, 1977 முதல் படிப்படியாக அவை அரச பாடசாலைகளாயின. 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஸ்வீடன் நாட்டின் உதவியோடு பல இடங்களில் புதிய கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர், யுவதிகளே ஆசிரியர்களாகப் பயிற்றப்பட்டார்கள். தாம் படித்த அதே வாங்குக்கு முன்னால் இன்று ஆசிரியையாக நிற்கும் பெண்கள் அந்த மாற்றத்தின் பிள்ளைகள்.

எனினும் ஒரு குறை தொடர்ந்தது. நாட்டின் பெரும்பாலான பாடசாலைக் கட்டடங்களைப் போலவே மலையிலும் பல இடங்களில் நீண்ட மண்டபமும் இடுப்பளவு சுவரும்தான். அனுராதபுரத்து வெயிலில் அந்த அரைச்சுவர் ஒரு வரம். ஹப்புத்தளைக் காற்றில் அதுவே வதை. சாரல் உள்ளே அடிக்கும்போது பிள்ளைகள் வாங்குகளை நடுவுக்கு இழுத்துக்கொண்டு நெருங்கி உட்காருகிறார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் ஆசிரியையின் குரல் எடுபடுவதில்லை. அப்போது பாடத்தை நிறுத்திப் பாட்டைத் தொடங்குவார்கள். உரக்கப் பாடினால் உடம்பும் சூடேறும்.

அடுப்பு மூட்டும் அம்மாமார்

குளிர்காலத்தில் பிள்ளையைப் பாடசாலைக்கு இழுத்து வருவது எது? அனுபவமுள்ள அதிபரிடம் கேட்டால் அடுப்பு என்றே சொல்வார்.

ஆரம்பப் பிரிவு மாணவருக்கு உணவு கொடுக்கும் திட்டம் பல ஆண்டுகளாக, ஏற்றமும் இறக்கமுமாக நடந்து வந்திருக்கிறது. 2024 மார்ச் மாதம் அது தரம் 1 முதல் 5 வரையான அரச பாடசாலை மாணவர் எல்லோருக்கும் என்று விரிக்கப்பட்டது. சிறிய தோட்டப் பாடசாலைகளில் இதைச் சமைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்த் தாய்மாரே. விடியலிலேயே விறகு மூட்டி, சோறும் பருப்பும் கீரையும் சமைத்து, மூடிய பாத்திரத்தில் தலையில் சுமந்து வருகிறார்கள். சில நாட்களில் கடலை அல்லது பயறு. முட்டை கிடைக்கும் நாள் பிள்ளைகளுக்குப் பெருநாள்.

சூடான ஒரு பிடி சோறு என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? குளிரில் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடுதல் சத்தைச் செலவழிக்கிறது. காலையில் சாயத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு மேடும் பள்ளமுமாக ஒரு மைல் நடந்து வந்த பிள்ளைக்கு, எழுத்தில் கவனம் வைக்கச் சத்து மிச்சமிருக்காது. தூங்கி விழும். சில வேளை அதை மந்தம் என்று சொல்லி விடுகிறோம். வயிற்றில் சூடாக ஏதாவது போன பிறகு அதே பிள்ளையைப் பாருங்கள். கை தூக்கும், பதில் சொல்லும்.

கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் நம் பாட்டிமார் விட்டுச் சென்ற மருந்து. மழை நாட்களில் காலை வணக்கம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரைக் கோப்பை கொடுக்கலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம். செய்ய ஒரு தாய் முன்வந்தால் போதும்.

விழாக்கள் நிறைந்த பருவம்

குளிர்காலத்தில் வருத்தம் மட்டும்தான் உண்டு என்று எண்ணி விடாதீர்கள். பாடசாலையும் ஊரும் ஒன்றாய்ச் சேரும் பருவமும் இதுவே.

கார்த்திகையில் லய வாசல்களில் விளக்கு எரியும். டிசம்பரில் தவணை முடியும் முன் ஒளிவிழா நடக்கும். நட்சத்திரக் கூடு செய்வதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. கலை விழாவும் பரிசளிப்பும் பல பாடசாலைகளில் அதே வாரங்களில் வருகின்றன. ஜனவரி நடுவில் தைப்பொங்கல். அதன் முன்னும் பின்னும் தரம் ஒன்றுப் பிள்ளைகளை வரவேற்கும் நாள். தரம் இரண்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று புதியவர்களுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து வகுப்புக்கு அழைத்துப் போவார்கள். சென்ற வருடம் அழுதுகொண்டு வந்த பிள்ளை, இந்த வருடம் அழுகிற பிள்ளையைத் தேற்றும் காட்சியைக் காண வேண்டும்!

பனி விலகத் தொடங்கும் வாரங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்குகிறது. மலைச்சரிவில் சமதரை கிடைப்பது அருமை. பாடசாலைக்கு ஒரு சின்ன முற்றம்தான் இருக்கும். அதிலேயே ஓடுகிறார்கள், தவளைப் பாய்ச்சல் பாய்கிறார்கள், தேசிக்காயைக் கரண்டியில் வைத்து நடக்கிறார்கள். பெற்றோருக்குக் கயிறிழுத்தல் உண்டு. கொழுந்துக் கூடை சுமந்து உரமேறிய கைகள் கயிற்றைப் பிடித்தால் ஆசிரியைகள் அணி தோற்பது நிச்சயம்.

இந்த நாட்களுக்கு முன் சிரமதானம் நடக்கும். காண் வெட்டுவது, தேங்கிய நீரை அகற்றுவது, பாதைக்குக் கல் அடுக்குவது எல்லாம் அப்போதுதான். தோட்டத்துத் தந்தைமார் மண்வெட்டியோடு வருவார்கள். தாய்மார் தேநீர் ஊற்றுவார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வராத பெற்றோர்கூடச் சிரமதானத்துக்கு வந்து விடுவார்கள். எழுதவோ பேசவோ கூச்சப்படுபவர்களுக்கும் கையால் செய்யும் வேலையில் கூச்சமில்லை. பாடசாலை தங்களுடையது என்ற எண்ணம் அவர்களிடம் அங்கேதான் பிறக்கிறது.

ஒரே வாங்கில் நம் பிள்ளைகளும்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மலையகத் தமிழர். நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று அதிகமானோர் முஸ்லிம்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை, லுணுகலைக் கடைத்தெருக்களில் நம்மவர்களின் துணிக்கடையும் பலசரக்குக் கடையும் தோட்டத்து மக்களை நம்பியே நடக்கின்றன. சம்பளத்துக்கு முன் கடன் கொப்பியில் எழுதிப் பொருள் கொடுப்பதும், சம்பள நாளில் தீர்ப்பதும் தலைமுறைகளாக நடந்து வரும் உறவு.

நகரங்களிலும் குருத்தலாவை போன்ற ஊர்களிலும் நமக்கென முஸ்லிம் பாடசாலைகள் உண்டு. அவை தொலைவில் உள்ள சிறு கடைத்தெருக்களில் நம் பிள்ளைகள் அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலைக்கே போகிறார்கள். மொழி ஒன்றுதான். வாங்கும் ஒன்றுதான். சமய பாட நேரம் வரும்போது மட்டும் பிரிந்து உட்காருகிறார்கள். நான்கைந்து முஸ்லிம் பிள்ளைகளே உள்ள இடத்தில் இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் கிடைப்பது எளிதல்ல. படித்த சகோதரி ஒருவர் அனுமதி பெற்று வாரத்தில் ஒரு நாள் சென்று உதவினால் அந்தக் குறை தீரும்.

நோன்பு விடயத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் நீண்ட விடுமுறை கிடைக்கிறது. தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் நம் பிள்ளைக்கு அது கிடையாது. 1990களின் கடைசி ஆண்டுகளில் நோன்பு டிசம்பர், ஜனவரிக் குளிரில் வந்தது நினைவிருக்கும். இப்போது மீண்டும் அந்தப் பருவத்தை நோக்கி வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர்க் கடைசியில் ஒன்றுமாக ஒரே ஆண்டில் இரண்டு ரமழான்கள் தொடங்க இருக்கின்றன. குளிரில் தாகம் குறைவு. ஆனால் ஸஹருக்கு எழுந்த சிறு பிள்ளை தூக்கமில்லாமல் ஈரப் பாதையில் நடக்க வேண்டியிருக்கும். ஆசையோடு நோன்பு பிடிக்கும் சிறுவர்களைப் பற்றி ஆசிரியைக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்து விட்டால், விளையாட்டுப் பயிற்சியில் அவரே பிள்ளையை நிழலில் உட்கார வைப்பார்.

மலை சரியும் பருவம்

இனிச் சொல்வது சற்றுக் கனமான விடயம். ஆனாலும் ஊவாத் தாய்மார் இதைப் பேசாமல் இருக்க முடியாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. நேரம் ஏழரை மணியளவு. லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தோரும் காணாமற் போனோருமாக முப்பதுக்கு மேற்பட்டவர்களைத் தோட்டம் இழந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் திரும்பி வர அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. வீடிழந்த குடும்பங்கள் முதலில் தங்கியதும் பாடசாலைகளில்தான். அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்று வீடுகள் கைக்கு வந்ததோ 2016இல்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, மண்சரிவால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. பாடசாலைகள் மூடப்பட்டன. பல பாடசாலைகள் இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாயின.

இதனால் நாம் அறிய வேண்டியது என்ன? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மழையளவை வைத்து மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள்: புறப்படத் தயாராகுங்கள். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் சிவப்பு: இடத்தை விட்டு வெளியேறுங்கள். இதைத் தரம் ஐந்துப் பிள்ளைக்கு ஒரு பாட்டைப் போலச் சொல்லிக் கொடுக்கலாம்.

மலையும் முன்கூட்டிச் சொல்லும். தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றிப் போதல், இல்லாத இடத்தில் நீர் கசிதல், கதவு ஜன்னல்கள் காரணமின்றி இறுகுதல் ஆகியவை அடையாளங்கள். இவற்றை முதலில் காண்பவர்கள் வீட்டிலும் பாதையிலும் இருக்கும் பெண்களும் பிள்ளைகளுமே. கண்டவுடன் கிராம அலுவலருக்கும் பாடசாலை அதிபருக்கும் சொல்லுங்கள். பொய்யாகிப் போனால் சிரிப்பார்களே என்று தயங்காதீர்கள். பல முறை சிரித்தாலும் பரவாயில்லை.

நம் வீட்டு அலுமாரியிலிருந்து

எல்லாவற்றையும் அரசாங்கம் செய்யட்டும் என்று இருந்து விடலாம். அரசு செய்ய வேண்டியது நிறையவே இருக்கிறது. சீருடைத் துணியும் பாடநூலும் இலவசமாக வருகின்றன. அவை வந்தும் பிள்ளை வராமல் போவது அந்த அரை மணி நேர இடைவெளியில்தான். அதை நிரப்ப அக்கம்பக்கத்துக் கைகளால்தான் முடியும்.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். சுவெட்டரை ஜனவரியில் தேடாமல் ஒக்டோபரிலேயே அலுமாரியிலிருந்து எடுத்து வெயில் காட்டுங்கள். பிள்ளையின் பையில் ஒரு சோடிக் காலுறையைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். நனைந்த காலுறையைப் பாடசாலையில் மாற்றிக்கொள்ளலாம். சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து அடுப்புக்கு அருகில், நெருப்புக்குத் தள்ளி வைத்தால் விடிவதற்குள் ஈரம் இழுத்து விடும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதன் புகை உயிருக்கே ஆபத்து.

அடுத்து, நம் பிள்ளைக்குச் சிறுத்துப் போன சுவெட்டர். கிழிந்ததைக் கொடுக்க வேண்டாம். துவைத்து, பொத்தான் தைத்து, நம் பிள்ளைக்கே மீண்டும் போடலாம் என்ற நிலையில் கொடுங்கள். மேடை போட்டு, வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு. அதிபரிடமோ வகுப்பாசிரியையிடமோ ஒரு பொதியாகக் கொடுத்து விடுங்கள். யாருக்குத் தேவை என்பது அவருக்குத் தெரியும். ஒரு பாடசாலையில் பத்து மேலதிகச் சுவெட்டர்களும் பத்துச் சோடிக் காலுறைகளும் அலுமாரியில் இருந்தால், நனைந்து வரும் பிள்ளை அன்று மாற்றிக்கொண்டு வகுப்பில் இருக்கும். மறுநாள் துவைத்துத் திருப்பிக் கொண்டு வரும். தானம் வாங்கினோம் என்ற எண்ணமும் அதற்கு வராது.

மூன்றாவது, நடைத்துணை. வேலைக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் தாயோ பாட்டியோ, தன் பிள்ளையை அழைத்துப் போகும்போது வழியிலுள்ள நான்கு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகள் முற்பகலிலேயே விட்டு விடுவார்கள்; தாயோ மாலையில்தான் மலையிறங்குவாள். திரும்பி வரும் போதும் அதே துணை தேவை. பணம் செலவில்லாத இந்த உதவிதான், ஏழு மணிக்குப் பிரட்டுக்களத்தில் நிற்கும் தாயின் மனதை ஆறச் செய்யும். கொழுந்து பறித்துக்கொண்டே பாதையை எட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும் அவளுக்கு, தன் பிள்ளை ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு போவது தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். போகும்போது பக்கத்து லயத்து அக்காவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அரைச்சுவருக்குத் திரை வேண்டும், பாதைக்குக் கல் வேண்டும், சமைக்கும் தாய்க்குப் பணம் காலத்தில் வர வேண்டும் என்று ஒருவர் தனியாகக் கேட்டால் மனுவாகவே கிடக்கும். முப்பது தாய்மார் சேர்ந்து கேட்டால் வலயக் கல்வி அலுவலகம் வரை கேட்கும்.

அடுத்த முறை பனிமூட்டம் வாசல் வரை வந்து நிற்கும் காலையில், உங்கள் பிள்ளைக்குச் சுவெட்டர் மாட்டிப் பொத்தான் போடும் போது, மேலே உள்ள லயத்தை ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள். நம் பிள்ளைக்கு அருகில் வாங்கில் உட்கார வேண்டிய பிள்ளை அங்கே இருக்கிறது. அது வந்து உட்கார்ந்தால் வாங்கு நிறையும். குளிரில் நம் பிள்ளைக்கும் சற்றுக் கதகதப்பாக இருக்கும்.